உதட்டில் அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான்

இளையோர் நாவல் எழுதுபவர்களுக்கான வாசகர் கேள்வி–பதில்

காது கேளாத பதின்வயதுப் பாத்திரத்தை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

என் நாயகி கயல்விழிக்கு 16 வயது. பிறவியிலேயே காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள் என்று எழுதியிருக்கிறேன். படித்த தோழி, நம்பும்படி இல்லை என்கிறார். தவறு எங்கே?
– வாசகி, அம்மாபேட்டை

கண்ணாடி முன் நின்று, குரலை விடாமல் ‘அம்மா’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘அப்பா’. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். ‘பாப்பா’வும் ‘மாமா’வும் அப்படியே. காற்று மூக்கு வழியாகப் போகிறதா, தொண்டை அதிர்கிறதா என்பது வெளியே தெரியாது. படம், மடம், பணம், மணம், மனம் ஐந்தும் உதட்டில் ஒரே சொல். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். க, ங இரண்டும் தொண்டையை ஒட்டிய அடிநாக்கில் பிறப்பவை. பார்ப்பவருக்கு அது வெறும் திறந்த வாய். உங்கள் நாயகியின் பெயரிலேயே கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது நடுவிலுள்ள ‘வி’ மட்டும்தான்.

ஆகவே உதடு பார்த்துப் புரிந்துகொள்வதில் பெரும்பங்கு ஊகம். யார் பேசுகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், காலையில் என்ன பேச்சு நடந்தது என்பதையெல்லாம் கூட்டித்தான் சொல் பிடிபடுகிறது. சமையல்கட்டில் தூக்குச்சட்டியோடு நிற்கும் அம்மா ‘பால்’ என்றால் கயல்விழிக்குப் புரியும். அதே அம்மா சட்டென்று மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் பேச்சை மாற்றினால், அடுத்த ஐந்தாறு வாக்கியங்கள் போய்விடும். நாவலில் வர வேண்டியது அந்த ஐந்தாறு வாக்கியங்கள்தான்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் அவள் படித்த வாக்கியம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’. வீட்டில் உதட்டில் வருவது ‘வந்துட்டிருக்கேன்’. ‘பணம்’ என்று எழுதினால் கடைசியில் உதடு மூட வேண்டும். பேச்சில் அந்த ‘ம்’ மூக்கோடு கரைந்துவிடுவதால் உதடு மூடுவதே இல்லை. காதால் மொழி கற்ற பிள்ளை எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் தானாக இணைத்துக்கொள்ளும். கண்ணால் கற்ற பிள்ளைக்கு அவை ஏறக்குறைய இரண்டு மொழிகள். ஆங்கிலத்தில் வந்த நாவல்களைப் பார்த்து எழுதுபவர்கள் தவறவிடும் இடம் இது.

சூழலையும் கவனியுங்கள். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். தொலைவு மூன்றடி முதல் ஆறடி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் கருப்பாகத்தான் தெரியும். வெற்றிலை மெல்லும் தாத்தா, மேலுதட்டை மூடும் மீசை, கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தும் ஆசிரியர், முகக்கவசம் – இவர்களிடமிருந்து ஒரு சொல்லும் கிடைக்காது. சத்தம் போட்டுப் பேசினால் உதடு கோணிப்போவதால் இருந்ததும் கெடும். இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது கடும் உழைப்பு. சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளைக்குக் கண்ணும் தலையும் வலிக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் படுத்துக்கொண்டால் அதைத் திமிர் என்று வீட்டில் சொல்வார்கள்.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் சைகைமொழி கிடையாது. ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘அப்பா வந்தாச்சா’ என்பதற்கான சில வீட்டுச் சைகைகளோடு சரி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் அக்காவின் கையைத் தொட்டு ‘என்ன?’ என்கிறாள். “ஒண்ணுமில்ல கண்ணு, அப்புறம் சொல்றேன்.” அந்த ‘அப்புறம்’ வருவதில்லை. உங்களுக்கு வேறு வில்லனே தேவையில்லை.

எழுதும் முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: கேட்கும் திறன் எப்போது போனது? பிறவியிலேயே என்றால் தமிழ் அவள் காதில் விழுந்ததே இல்லை. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனது என்றால் பேச்சும் இலக்கணமும் அவளிடம் ஏற்கனவே இருக்கும். இரண்டும் வெவ்வேறு நாவல்கள். எவ்வளவு போனது என்பதும் முக்கியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் காது கேளாமை என்றும், 60 முதல் 70 வரை உள்ளதைக் கேட்கும் திறன் குறைவு என்றும் வகுக்கிறது. அவளுடைய ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனின் வரைபடத்தை, நீங்களே ஒரு தாளில் வரைந்து மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாகத் தாழ்ந்த தொனியிலிருந்து உச்சத் தொனிவரை 250 முதல் 8000 ஹெர்ட்ஸ், மேலிருந்து கீழாக ஓசையின் அளவு டெசிபலில், வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இழப்பு. முதல் அத்தியாயத்தில் கதவு தட்டும் ஓசை கேட்காதவளுக்குப் பத்தாம் அத்தியாயத்தில் குயில் கூவுவது கேட்காமல் இந்தத் தாள் காப்பாற்றும்.

‘செவிடு’, ‘ஊமை’ என்ற சொற்களை நாவலில் பயன்படுத்தலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

திட்டுபவரின் வாயில் வரலாம். ஊரில் அப்படிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. கதை சொல்லும் குரலில் வரக் கூடாது. அங்கே ‘காது கேளாத’ என்றே எழுதுங்கள். ‘ஊமை’ என்பது தகவலாகவே தவறு. குரல்வளையில் குறை ஏதும் இல்லை. அவர்கள் சிரித்தால், கூப்பிட்டால் ஓசை வரும். ‘மாற்றுத்திறனாளி’ அரசாணைக்கும் அடையாள அட்டைக்கும் பொருந்தும் சொல். பதினாறு வயதுப் பெண் தன்னைப் பற்றி யோசிக்கும்போது அந்தச் சொல்லால் யோசிக்க மாட்டாள்.

சைகைமொழி உரையாடலை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது? ‘நான் பசி சாப்பாடு எங்கே’ என்று சைகை வரிசையிலேயே எழுதிப் பார்த்தேன். குழந்தை பேசுவதுபோல் இருக்கிறது.
– வாசகி, ஏற்காடு

அந்த முறையை விட்டுவிடுங்கள். இந்தியச் சைகைமொழி முழுமையான இலக்கணம் கொண்ட மொழி. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இல்லை, வேண்டாம் போன்ற மறுப்பும் கடைசியில்தான். காலம் முதலில் வந்துவிடும். புருவமும் தலையசைப்பும் அந்த இலக்கணத்தின் உறுப்புகள். அவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கைச்சொற்களை மட்டும் தமிழில் அடுக்கினால் உடைந்த தமிழாகத்தான் நிற்கும். பாத்திரத்தின் அறிவையே உடைத்துக் காட்டியதாகிவிடும். அவள் சைகையில் சரளமாகப் பேசுகிறாள் என்றால் உங்கள் தமிழும் சரளமாக இருக்கட்டும். கேலி, கோபம், இரட்டை அர்த்தம் எல்லாம் வரட்டும்.

அச்சில் வேறுபடுத்த ஒரு வழி சொல்கிறோம். வாயால் பேசுவதற்கு இரட்டை மேற்கோள். சைகைக்கு வரியின் தொடக்கத்தில் ஒரு கோடு, மேற்கோள் இல்லை. உதட்டில் பார்த்ததற்குத் தெரிந்த சொல் மட்டும், மற்ற இடம் வெற்றிடம். தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து கண்ணை உறுத்துவதால் அதைத் தவிர்க்கலாம்.

– நாளைக்கு வர்றியா?
– எங்க?
– படகுத்துறைக்கு. உங்கண்ணன்கிட்ட சொல்லாத.

“நாளைக்கு ....... மா ....... வந்தா .......” அத்தை எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் தோழியோடு இருக்கும்போது அவளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது, அத்தையின் முன்னால் எவ்வளவு குறுகுகிறது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு வரியிலும் ‘கையை உயர்த்தி விரலை மடக்கி’ என்று வர்ணித்தால் வாசகர் களைத்துவிடுவார். அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று சைகைகளை மட்டும் காட்டினால் போதும். அவையும் இந்தியச் சைகைகளா என்று சரிபாருங்கள். இணையத்தில் எளிதில் கிடைக்கும் ஒற்றைக்கை எழுத்துப் படங்கள் அமெரிக்கச் சைகைமொழிக்குரியவை. நம்முடையது பெரும்பாலும் இரு கைகளால் காட்டப்படும் ஆங்கில எழுத்துகள். எஸ், ஏ, எல், இ, எம் என்று ஊர்ப் பெயரை விரலில் எழுத இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் டிபன் கேரியர் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுத முடியும். டெல்லியிலுள்ள இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட காணொளி அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. அங்கே பார்த்துவிட்டு, உள்ளூரில் ஒருவரிடமும் கேளுங்கள். நிறம், கிழமை போன்ற எளிய சொற்களுக்கே ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகை மாறும்.

பெயரும் அப்படித்தான். நண்பர்கள் ‘கயல்விழி’யை விரலில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். முகவாயில் மச்சம், நெற்றித் தழும்பு, எப்போதும் கண்ணாடியைத் தூக்கிவிடும் பழக்கம் – இப்படி ஏதோ ஒன்று அவளுடைய சைகைப் பெயராகும். பெரும்பாலும் பள்ளித் தோழர்கள் வைப்பது. தானே வைத்துக்கொள்வதில்லை. வீட்டாருக்கு அந்தப் பெயர் தெரியுமா, தெரியாதா? அதைக்கொண்டே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

காது மிஷின் போட்ட சிறுவன் ஏற்காட்டுப் பனியில் நடக்கும்போது அது நின்றுபோவதாக ஒரு காட்சி. சாத்தியமா? எப்படிச் சரிசெய்வான்?
– வாசகர், நாகலூர்

மிகவும் சாத்தியம். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் மூன்று பகுதிகள்: கருவி, ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய், காதின் அளவுக்கு வார்த்த மோல்டு. பனியும் வியர்வையும் குழாயில் துளியாகத் திரண்டு ஓசையை அடைத்துவிடும். கருவி பழுதாகியிருக்காது. மோல்டைக் குழாயோடு கருவியின் கொக்கியிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதியால் துளியை வெளியேற்றினால் திரும்பக் கேட்கும். இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரியை அந்த டப்பாவில் போட்டால் அதுவும் உலர்ந்து வீணாகும். அவசரக்காரர்கள் அடுப்போரம் வைப்பார்கள், மோல்டு நெளிந்துவிடும். சேலத்து வெயிலில் இதே வேலையை வியர்வை செய்யும்.

பேட்டரி காட்சியும் வைக்கலாம். கடும் இழப்புக்கான பெரிய கருவிகளில் நீல ஒட்டுத்தாள் உள்ள 675, அதைவிடச் சிறியவற்றில் ஆரஞ்சு ஒட்டுத்தாள் உள்ள 13. இவை காற்றுப் பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் ஜிங்க் பேட்டரிகள். ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்திருந்து போட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். 13 என்றால் ஒன்றிரண்டு வாரம் வரும். தீரும் முன் கருவி பீப் ஒலி கொடுக்கும். மலைமேல், கடை சாத்திய நேரத்தில் அந்தப் பீப் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்னொரு விவரத்தை எழுத்தாளர்கள் பயன்படுத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. வளரும் வயதில் காதும் வளரும், மோல்டு தளர்ந்துவிடும். வெளியே கசியும் ஓசை மறுபடி மைக்கில் ஏறி ‘கீ’ என்று விசிலடிக்கும். யாராவது கட்டிப்பிடித்தாலும், காதைக் கை மறைத்தாலும் அதே விசில். உச்சத் தொனி கேட்காதவனுக்கு அந்த விசிலும் கேட்காது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஏன் பார்க்கிறார்கள் என்று அவனுக்கு மட்டும் தெரியாது.

கருவி போட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்றும் எழுதாதீர்கள். அது ஓசையைப் பெரிதாக்கும், சொல்லைத் தெளிவாக்காது. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் விழும். ச, ஸ போன்றவை பலருக்கு விழாது.

கடைசி அத்தியாயத்தில் நாயகிக்கு உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை. கண் விழித்ததும் அம்மாவின் குரலைக் கேட்டு அழுகிறாள். இந்த முடிவு சரியா?
– வாசகர், அஸ்தம்பட்டி

சரியில்லை. முதலில் மருத்துவம். அறுவை அன்று எதுவும் கேட்காது. உள்ளே வைத்த பகுதி ஆறுவதற்குச் சில வாரங்கள் விட்டு, வெளிக்கருவியைக் காந்தத்தால் தலையில் ஒட்டவைத்து ‘ஸ்விட்ச் ஆன்’ செய்வார்கள். அப்போது வருவது பலருக்கு இரைச்சலும் பீப் ஒலியும்தான். பிறகு மாதக்கணக்கில் ஒலியளவைத் திருத்த வேண்டும், கேட்டல் பயிற்சி நீண்டகாலம் தொடர வேண்டும். பிறவியில் கேளாத பிள்ளைக்கு மூளை ஒலியைப் பழகும் பருவம் முதல் சில ஆண்டுகள். அதனால்தான் அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் சிறு குழந்தைகளையே குறிவைக்கின்றன. 16 வயதில் முதன்முறையாகப் பொருத்தினால் ஹாரன் ஓசை, கதவோசை தெரியலாம். அம்மா பேசுவது சொல்லாகப் புரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

மருத்துவத்தை விடப் பெரிய குறை கதையில் இருக்கிறது. முந்நூறு பக்கம் அவளோடு வந்த காது கேளாத வாசகி, கடைசிப் பக்கத்தில் தன்னைத் திருத்தினால்தான் கதை முடியும் என்று தெரிந்துகொள்கிறாள். அந்தப் பெண்ணை நினைத்து அந்த அத்தியாயத்தை நீக்குங்கள். அம்மா சைகைமொழி கற்க உட்காரட்டும். அதற்கும் பல மாதம் பிடிக்கும், விரல் தப்பும், மகள் பொறுமை இழப்பாள்.

மலைப்பாதையில் இரவுப் பேருந்துப் பயணம், தறிப்பட்டறை, ஆடித் திருவிழா ஆகிய காட்சிகள் வருகின்றன. நிசப்தமாக எழுத வேண்டுமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

‘நிசப்தம்’ என்ற சொல்லையே ஒதுக்கி வையுங்கள். ஓசையை அறிந்தவருக்குத்தான் நிசப்தம் தெரியும். அவளுக்கு இருப்பது வெளிச்சம், அதிர்வு, மணம், காற்று.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் ஓட்டுநர் உள்விளக்கை அணைத்துவிடுவார், இல்லையென்றால் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். விளக்கு அணைந்த நொடியில் இரு தோழிகளின் பேச்சு பாதி வாக்கியத்தில் அறுந்துபோகும். செல்போன் டார்ச்சை இவள் கைமீது காட்டி, பிறகு அவள் கைமீது காட்டிப் பேச்சைத் தொடரலாம். கீழே நிற்பவரோடு மூடிய கண்ணாடி வழியே பேசிக்கொண்டே இருக்கலாம். பேருந்து புறப்பட்ட பிறகும் பின்கண்ணாடி வழியே விடைபெறுவது மற்றவர்களால் முடியாத காரியம். பனி இறங்கினால் சில அடி தள்ளி நிற்பவரின் கை மங்கிவிடும், நெருங்கி நிற்க வேண்டும். வளைவில் வண்டிகள் ஹாரன் அடித்தே திரும்புகின்றன. நடந்து போகிறவளுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. அவள் சாலையின் வலப்புறம், வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பாள். பனியில் முன்விளக்கின் வெளிச்சம் வளைவுக்கு முன்பே கசிவதைக் கவனிப்பாள்.

விசைத்தறிப் பட்டறையில் எல்லாமே தலைகீழ். 90 டெசிபலைத் தாண்டும் இரைச்சலில் கேட்பவர்களும் கையை ஆட்டித்தான் பேசுகிறார்கள். அங்கே அவள்தான் தெளிவாகப் பேசுகிறவள். தறி நின்றால் காலடி அதிர்வு மாறுவது அவளுக்கு உடனே தெரியும். காது மிஷின் போட்டிருந்தால் பட்டறை வாசலிலேயே அணைத்துவிடுவாள். அந்த இரைச்சல் பெருகிக் காதில் விழுந்தால் தாங்காது.

ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் மேளம் நெஞ்சுக்கூட்டில் விழும். தாழ்ந்த தொனி உடலால் உணரப்படும். ஒன்று கவனிக்க: வெளிநாட்டு நாவல்களில் கூப்பிடுவதற்குத் தரையில் காலைத் தட்டுவார்கள். அது மரத்தரை. நம் வீட்டு சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் கால் தட்டினால் ஒன்றும் போய்ச் சேராது. இங்கே தோளைத் தொடுவார்கள், கை வீசுவார்கள், விளக்கு சுவிட்சை இரண்டு முறை தட்டுவார்கள், கட்டிலை ஆட்டுவார்கள்.

வெள்ளிக் கொலுசு செய்யும் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறீர்கள், கதையில் கொலுசு வராமல் இருக்காது. ‘கொலுசின் ஓசையைக் கேட்க முடியாத சோகம்’ வேண்டாம். அம்மாவுக்கு அவள் நடமாட்டம் தெரிகிறது, அவளுக்கு அம்மாவின் நடமாட்டம் தெரிவதில்லை. 16 வயதில் அது எரிச்சல் தரும் விஷயம். ஒருநாள் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போகட்டும்.

பள்ளி, தேர்வு, பேருந்து விவரங்கள்?
– வாசகர், ஓமலூர்

பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. கையில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கும். விடுதிப் பள்ளியில் படிப்பவள் என்றால் சைகைமொழியை வகுப்பறையைவிட விடுதியில்தான் கற்றிருப்பாள், அக்காமார்களிடமிருந்து.

எனக்குக் காது கேட்கும். நான் இதை எழுதலாமா? எழுதியதை யாரிடம் காட்டுவது?
– வாசகி, ஏற்காடு

எழுதலாம், அச்சுக்குப் போகும் முன் காது கேளாதவர்கள் குறைந்தது இருவர் படித்திருந்தால். ஒருவர் உங்கள் நாயகியின் வயதுக்காரர், மற்றவர் பெரியவர். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. படிப்பது உழைப்பு, பணம் கொடுங்கள். மொத்தக் கைப்பிரதியைக் கொடுத்து ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். மூன்று மூன்று அத்தியாயமாகக் கொடுத்து, ‘இந்த இடத்தில் இவள் திரும்பிப் பார்ப்பாளா? எப்படித் தெரிந்து திரும்புவாள்?’ என்று வரியைச் சுட்டிக் கேளுங்கள்.

சந்திப்புக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். வீட்டாரைத் துணைக்கு வைத்தால் அவர்கள் சுருக்கிச் சொல்வார்கள், சில சமயம் தாங்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குப் பக்கத்தில் உட்காரட்டும், வெளிச்சம் உங்கள் இருவர் முகத்திலும் விழட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெண்ணை, மொழிபெயர்ப்பாளரை அல்ல. அவள் பக்கத்தைப் படிக்கும்போது பேசாதீர்கள். படிக்கவும் உங்கள் பேச்சைப் பார்க்கவும் அவளுக்கு இருப்பது அதே இரண்டு கண்கள்தான். அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.